வேலேரித் தண்ணீர் பாஸ்

ஆரணியில் ஒரு மீன் சாவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. செத்துவிட்டது என்று சொல்வதற்குத்தான் அனுமதி வேண்டும். அதைக் கொடுக்கிற அதிகாரம் நீர்நிலைத் தூய்மை வாரியம் என்கிற ஒரே இடத்துக்குத்தான் உண்டு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பட்டுக்கடையின் மாடியில், தலையைக் குனிந்து ஏறவேண்டிய படிக்கட்டின் முடிவில் அது இருந்தது. இப்படி ஒன்று இருப்பதே இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் ஆவணி மாசம் வரைக்கும் காசியம்மாளுக்குத் தெரியாது. தெரியாதவரைக்கும் அவளும் சௌக்கியமாக இருந்தாள், மீனும் சௌக்கியமாக இருந்தது.

காசியம்மாள் யார் என்றால், வேலேரியை மீன் குத்தகைக்கு எடுத்த மகளிர் குழுவின் தலைவி. தறி இல்லாத வீட்டுப் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்த குழு அது. குஞ்சு விட்டு, தவிடு தூவி, கொக்கை விரட்டி, இரண்டு வருஷமாகப் பிள்ளை வளர்க்கிற மாதிரி வளர்த்த கட்லாவும் ரோகுவும் முழங்கை நீளத்துக்கு வந்திருந்தன. தை பிறந்ததும் வலை இறக்குவதாக ஏற்பாடு. அந்த வலையை நம்பித்தான் பன்னிரண்டு வீட்டிலும் கல்யாணம், காதுகுத்து, கூரை மாற்றுவது எல்லாம் தள்ளிப் போட்டு வைத்திருந்தார்கள்.

ஏரியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். உள்ளே கருவேல மரங்கள் நிறைய. இலையும் பட்டையும் ஊறி ஊறி, தண்ணீர் எப்போதும் டீக்கடை டிகாஷன் நிறத்தில்தான் இருக்கும். கிழக்குக் கரையில் காசியம்மாளின் புருஷன் துரை சுண்ணாம்புக் காளவாய் போட்டிருந்தான். அவன் சுண்ணாம்பு நீற்றிக் கழுவுகிற வெள்ளைத் தண்ணீர் நேரே ஏரிக்குள் இறங்கும். மேற்கு மூலையில் ஒரு மண் கால்வாய். அதன் தலைமாட்டில் பழைய ஜரிகை உருக்குகிற பட்டறை.

அந்தப் பட்டறையில் என்ன நடக்கும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெருத்தெருவாகப் போய் "பழைய பட்டுப்புடவை இருக்குதாம்மா" என்று வாங்கி வருவார்கள். எரிப்பார்கள். சாம்பலை ஆசிட்டில் கரைப்பார்கள். அதற்குள் தாமிரத் தகட்டைப் போட்டால் வெள்ளி அடியில் படியும், தாமிரம் கரைந்து மேலே நீலமாக நிற்கும். வெள்ளியைப் பட்டறைக்காரர் எடுத்துக்கொள்வார். நீலத்தை ஏரி எடுத்துக்கொள்ளும். இப்படியே வருஷக்கணக்காக, சம்பந்தி வீட்டுக் கொடுக்கல் வாங்கல் மாதிரி, சண்டை சச்சரவு இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஆவணியில் ஒரு பெருமழை அடித்தது. மறுநாள் காலையில் மேற்கு மூலையில், மழைத்தண்ணீர் வந்து விழுந்த இடத்தில் மட்டும், மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன.

"இன்னாமே இது?" என்றான் துரை. "புது மழைக்கு மீனு துள்ளும்ன்னுவாங்க. இது கோயில் கொளத்துல பொரி போட்ட கணக்கா வாயைப் பொளந்துகினு நிக்குது."

காசியம்மாள் இறங்கி ஒன்றைத் தூக்கினாள். செவுளைப் பிரித்தாள். மூக்குச்சளி மாதிரி வழவழவென்று ஏதோ மூடியிருந்தது. மதியத்துக்குள் அந்த மூலையில் இருந்தவை அத்தனையும் வயிற்றை மேலே திருப்பிக்கொண்டன. மற்ற இடத்து மீனுக்கு ஒன்றும் இல்லை.

ஆவணி மழைக்கே இப்படி என்றால், ஐப்பசியில் அடைமழை வந்தால்? அதற்குள் அந்த நீலக் கால்வாயை அடைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. கிராம அலுவலரிடம் போனாள். அவர் மாடிப்படியைக் காட்டினார்.

மாடியில் உதவித் தூய்மை அலுவலர் பலராமன் இருந்தார். நல்ல மனிதர், வருபவர்களை உட்காரச் சொல்லுவார். உட்கார நாற்காலிதான் இருக்காது. ஒரு படிவத்தை எடுத்து மூடியைக் கழற்றிய பேனாவோடு நிமிர்ந்தார்.

"மனுதாரர் பேரு?"

"காசியம்மாளுங்க."

"பாதிக்கப்பட்டவர்?"

"மீனுங்க சார்."

"மீனுக்கும் உங்களுக்கும் என்ன உறவு?"

காசியம்மாள் யோசித்தாள். "நான்தானுங்க வளத்தேன்."

அவர் 'வளர்ப்புத் தாய்' என்று எழுதிக்கொண்டார். "தத்துப் பத்திரம் இருக்குதா? இல்லையா? பரவால்ல, 'இணைக்கப்படவில்லை'ன்னு போட்டுக்கறேன்."

அவள் பையிலிருந்து செத்த கட்லாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். பலராமன் நாற்காலியோடு பின்னால் போனார்.

"யம்மா, அத்த எடுங்க மொதல்ல! செத்த மீன் ஆதாரம் ஆவாது. செத்தது எப்பிடிம்மா வாக்குமூலம் குடுக்கும்? நாங்க தண்ணியைத்தான் விசாரிப்போம்."

"அப்ப இன்னைக்கே வந்து தண்ணியை எடுங்க சார். மழைத்தண்ணி இன்னும் அங்கியேதான் நிக்குது."

"மழை பெஞ்சு பத்து நாளைக்கு சாம்பிள் எடுக்கக் கூடாது. ரூல்ஸ். இப்ப எடுத்தா அது மழையோட சாம்பிள் ஆயிடும், ஏரியோட சாம்பிள் ஆவாது. வாரியம் நியாயமா நடக்கணும் இல்ல?"

பத்து நாள் வெயில் காய்ந்து, மூலையில் நின்ற மழைத்தண்ணீர் ஏரித் தண்ணீரோடு கலந்து மறைந்த பிறகு, வாரியத்திலிருந்து கீதா என்கிற பெண் பாட்டிலோடு வந்தாள். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள், கான்ட்ராக்ட் வேலை. கழுத்து வரைக்கும் நிறைத்து, மூடி, சீல் வைத்துக்கொண்டு போனாள். ஒரு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது.

"பாஸு" என்றார் பலராமன், முகமெல்லாம் சிரிப்பாக.

"யாரு சார் பாஸு?"

"தண்ணிதான்! தாமிரம் இருக்குது, இல்லன்னு சொல்லல. ஆனா புஸ்தகத்துல போட்ட அளவுக்குக் கீழ இருக்குது. அந்த அளவுக்குக் கீழ இருந்தா மீன் சாவக் கூடாது."

"ஆனா செத்துச்சே சார்."

"அது மீனோட தப்பு."

காசியம்மாள் நகரவில்லை. அவள் நின்ற நிற்பைப் பார்த்து பலராமனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சரி, உங்க மனத் திருப்திக்கு இன்னொரு சோதனை இருக்குது. மீன் உயிர்வாழ்ச் சோதனை. எதிர்ல வெச்சே பண்ணிடலாம்" என்றார்.

ஆபீஸ் வராந்தாவில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி வைத்தார்கள். ஆபீஸ் போர் தண்ணீரால் நிரப்பினார்கள். அந்த போர் தண்ணீரின் பெருமை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பிரசித்தம். சோப்பு போட்டால் நுரை வராது. டீ கெட்டிலுக்குள் வெள்ளையாகப் படிந்து படிந்து, ஆறு டம்ளர் பிடித்த கெட்டில் இப்போது மூன்று டம்ளர்தான் பிடிக்கும். அந்தத் தண்ணீரில் கால்வாயிலிருந்து கொண்டுவந்த நீலத்தை அளந்து ஊற்றி, பத்துக் கட்லாக் குஞ்சுகளை விட்டார்கள்.

நான்கு நாளும் காசியம்மாள் எதிரிலேயே குந்தியிருந்தாள். மீன்கள் சுற்றிச் சுற்றி நீந்தின. கிளார்க் மிச்சமிருந்த இட்லியைப் பிய்த்துப் போட்டார், தின்றன.

கீதா ஒருமுறை வாயைத் திறந்தாள். "சார், மழைத்தண்ணியில ஒரு தொட்டி வெச்சுப் பாத்தோம்னா..."

"மழைத்தண்ணி எந்த ரெஜிஸ்டர்ல வருது கீதா?"

"வரல சார்."

"அப்புறம்?"

ரிப்போர்ட் இப்படி முடிந்தது: 'மீன்கள் பத்தும் உயிருடன் உள்ளன. ஒன்று எழுத்தரின் விரலைக் கவ்வியது. எனவே உற்சாகமாகவும் உள்ளன எனத் தெரிகிறது.'

படியில் இறங்கும்போது கீதா பின்னாலேயே வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யக்கா, தாமிரம் எவ்ளோ இருக்குதுன்னுதான் இவங்க பாக்குறாங்க. எந்த மாதிரி தண்ணியில இருக்குதுன்னு பாக்கல. படிவத்துல அதுக்குக் கட்டமே கெடையாது. சாயம் போடுறவங்களப் போயி கேளுங்க, புட்டுப் புட்டு வெப்பாங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள்.

கொசப்பாளையத்தில் அபிதகுசாம்பாளைத் தெரியாதவர் இல்லை. முப்பது வருஷமாகப் பட்டுக்குச் சாயம் போடுகிறவள். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் எந்த நிறம் என்று சொல்ல முடியாத ஒரு நிறம். கொதிக்கிற அண்டாவில் நூல் சிட்டத்தைக் கழியால் புரட்டிக்கொண்டே கதையைக் கேட்டாள். கேட்டு முடித்ததும் சிரித்தாள்.

"போர் தண்ணியில வெச்சானா சோதனை? அடப் பாவி! ஏம்மே காசி, நான் எதுக்கு வீட்டச் சுத்தி டிரம்மு வெச்சு மழைத்தண்ணி புடிச்சிகினு கெடக்கேன், எனக்கு வேலை இல்லாமலா? போர் தண்ணியில சாயம் போட்டா இழையில உக்காராது. அதுல இருக்கிற சுண்ணாம்பு முன்னாடியே போயி எடம் புடிச்சிக்கும். களம்பூர் பஸ்ஸுல பாத்திருக்கியா? மில்லுக்குப் போற பொம்பளைங்க மொதல் ஸ்டாப்புலயே ஏறி உக்காந்துட்டா, அப்பால ஏறுற ரவுடிப்பய இன்னா பண்ணுவான்? கம்பியப் புடிச்சிகினு தொங்குவான். பஸ்ஸு காலியா வந்தா?"

"உக்காந்துக்குவான்."

"அதான் மழைத்தண்ணி. காலி பஸ்ஸு." அபிதகுசாம்பாள் சிட்டத்தைத் தூக்கிக் காட்டினாள். ரத்தச் சிவப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. "மீனு செவுளப் பாத்திருக்க இல்ல? இதே மாதிரிதான இருக்கும், செவப்பு நூல் சிட்டம் கணக்கா? தாமிரம் அதுல போயி உக்காந்துக்குது. உக்காந்தா அது எப்பிடி மூச்சு வுடும்?"

"அப்ப இத்தினி வருசம் ஏன்க்கா சாவல?"

"ஒன் வூட்டுக்காரன் சுண்ணாம்பு கழுவி வுடறான் இல்ல, அது பாதி. கருவேலம் பட்டைத் தண்ணி பாதி. எங்க மாமியாரு காலத்துல நூலக் கடுக்காயில ஊற வெச்சு அப்பால மயில்துத்தத்துல போடுவாங்க. துத்தமும் தாமிரந்தான், அத்த அப்பிடியே கட்டிப் போட்டுரும் அந்தத் துவர்ப்பு. ஒன் ஏரியில அந்தப் பழுப்புத் தண்ணிதான் நீலத்தக் கட்டிப் போட்டுகினு இருக்குது. ஊரே அசிங்கம்ன்னு மூக்கப் புடிக்குது பாரு, அந்த அசிங்கந்தான் ஒன் மீனுக்குக் காவல்."

அன்றைக்கே அவள் வீட்டுக் கொல்லையில் இரண்டு பக்கெட் வைத்தார்கள். ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் டிரம்மில் பிடித்த மழைத்தண்ணீர். இரண்டிலும் ஒரே கரண்டியால் ஒரே அளவு நீலம். பக்கெட்டுக்கு மூன்று மீன். மறுநாள் காலையில் போர் பக்கெட்டில் மூன்றும் ஓடின. மழை பக்கெட்டில் மூன்றும் மிதந்தன.

காசியம்மாள் இரண்டு பக்கெட்டையும் டவுன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள். கண்டக்டர் உயிரோடிருந்த பக்கெட்டுக்கு மட்டும் லக்கேஜ் போட்டார். மற்றது குழம்புக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டார்.

பலராமன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். காசியம்மாளுக்கு நம்பிக்கை வந்தது.

"ரெண்டுலயும் நீலம் ஒரே அளவா?"

"ஒரே கரண்டி சார்."

"ஆனா ஒண்ணுல சாவல, ஒண்ணுல செத்துது. வித்தியாசம் என்ன?"

"மழைத்தண்ணி சார்!"

"அவ்ளோதான். அப்ப குத்தவாளி யாரு? மழை." அவர் பின்னால் சாய்ந்துகொண்டார். "நீங்களே நிரூபிச்சுட்டீங்க. ரொம்ப தேங்க்ஸ். மழை நம்ம டிபார்ட்மென்ட் கெடையாது. இருந்தாலும் உங்களுக்காக வானிலை ஆபீஸுக்கு ஒரு விளக்கம் கேட்டு எழுதறேன்."

எழுதியும் விட்டார். 'வேலேரியில் பெய்த மழை குறித்துத் தங்கள் தரப்பு விளக்கம் என்ன' என்று. பதில் வரவில்லை. பதில் வராததால் மழை குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கோப்பில் குறித்து வைத்தார்கள்.

காசியம்மாள் விடவில்லை. புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை, மற்ற பதினொரு பெண்களையும் கூட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறி, கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் வரிசையில் நின்றாள். மனு மேலே போனது. மேலிருந்து 'உடன் நடவடிக்கை எடுக்கவும்' என்று சிவப்பு மையில் கீழே வந்தது. அதைப் படித்த நாளில்தான் பலராமனுக்கு வாழ்க்கையில் ஒரு லட்சியம் பிறந்தது. வேலேரித் தூய்மைத் திட்டம் தொடங்கியது.

முதலில் கருவேல மரங்களை வெட்டினார்கள். அடியில் மக்கிக் கிடந்த இலையும் பட்டையும் இயந்திரம் வைத்து வாரப்பட்டன. பிறகு, மண் கால்வாயில் தண்ணீர் தேங்கி மண்ணில் இறங்குகிறது, அது சுகாதாரக் கேடு என்று, பட்டறை வாசலிலிருந்து ஏரி வரைக்கும் வழவழவென்று சிமென்ட் கால்வாய் கட்டினார்கள். அதற்கு இடம் விட்டுக் கொடுத்ததற்காகப் பட்டறைக்காரருக்கு ஒரு நன்றிக் கடிதம் போனது. முன்பெல்லாம் அரைநாள் ஊர்ந்து வந்த நீலம் இப்போது ஐந்து நிமிஷத்தில் வந்து சேர்ந்தது.

காசியம்மாளும் துரையும் கால்வாயின் வாயில் மணல் மூட்டை அடுக்கினார்கள். நீர்வழியை மறித்ததாக நோட்டீஸ் வந்தது, மூட்டையும் போனது.

சீக்கிரமே வலை போட்டுப் பிடித்துவிடலாம் என்று அனுமதி கேட்டாள். திட்டக் காலத்தில் வலை போட்டால் தண்ணீர் கலங்கும், சான்றிதழ் வந்த பிறகு போடலாம் என்றார்கள்.

கடைசியில் துரை ஒரு வேலை செய்தான். பட்டப்பகலில், கூடை கூடையாக நீற்றிய சுண்ணாம்பை மேற்கு மூலையில் கொட்டினான். மூன்றாவது கூடையில் வாரியத்து ஜீப் வந்து நின்றது.

"ஏய், இன்னாய்யா பண்ற?"

"மருந்து போடறேன் சார்."

"யாருக்கு?"

"மீனுக்கு."

"நீ டாக்டரா?"

துரை வெள்ளைக் கையை வேட்டியில் துடைத்தான். "நீங்க மட்டும் டாக்டரா சார்? நீங்க வைத்தியம் பாத்துகினு இல்ல?"

அந்த ஒரு வார்த்தைக்காகக் காளவாய்க்குச் சீல் வைத்தார்கள். ஏரியை மாசுபடுத்திய முதல் ஆள் என்று அவன் பெயர் ரெஜிஸ்டரில் ஏறியது. பட்டறையின் பெயர் ஏறவில்லை. பட்டறை பாஸ் ஆன தண்ணீரைத்தானே விட்டுக்கொண்டிருந்தது.

ஐப்பசி பிறந்தது. தீபாவளிக்குப் புதுப்புடவை எடுத்தவர்கள் பழையதை எல்லாம் எடுத்துப் போட, பட்டறையில் இரண்டு ஷிப்ட் வேலை. கமண்டல நாகநதியில் வெள்ளம் நுரைத்துக்கொண்டு போனது. ஏரியின் பழுப்புத் தண்ணீரை மதகு வழியாக வடியவிட்டு, நடுப்பள்ளத்தில் மட்டும் மீன் ஒதுங்குகிற அளவுக்கு மிச்சம் வைத்திருந்தார்கள். ஷட்டரைத் திறந்து புதுத் தண்ணீர் விடுகிற விழாவுக்கு நாள் குறித்தார்கள். பட்டறைக்காரர் செலவில் ஷாமியானா.

பலராமன் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! இந்த ஏரியில சுண்ணாம்பு இருந்தது, எடுத்துட்டோம். எலை தழை இருந்தது, எடுத்துட்டோம். மரம் இருந்தது, அதையும் எடுத்துட்டோம். பழைய தண்ணியே இருந்தது, அதைக்கூட விட்டு வைக்கல. இன்னும் என்ன எடுக்கலாம்னு வாரியம் ராப்பகலா யோசிச்சிகிட்டு இருக்குது. எங்க லட்சியம் ஒண்ணுதான். ஒரு டம்ளர் தண்ணி மொண்டு பாத்தா, அதுல தண்ணியைத் தவிர எதுவுமே இருக்கக் கூடாது!"

கைதட்டல். பட்டறைக்காரருக்கு ஒரு பட்டுச் சால்வை போர்த்தினார்கள். நல்ல கனமான ஜரிகை.

காசியம்மாள் கூட்டத்தை இடித்துக்கொண்டு மேடைக்கே வந்துவிட்டாள்.

"சார், ஒங்களக் கையெடுத்துக் கும்புடறேன். அந்த நீலக் கால்வாய அடைச்சிட்டு அப்பால ஷட்டரத் தொறங்க சார். வெள்ளத் தண்ணி மழைத்தண்ணி சார். சுண்ணாம்பும் இல்ல, பழுப்பும் இல்ல. பள்ளத்துல இருக்கிறது அத்தினியும் செத்துரும்."

பலராமன் மைக்கை மூடாமலே சிரித்தார். "கேட்டீங்களா? சுத்தமான தண்ணி வந்தா மீனு செத்துடுமாம்! அப்ப அசுத்தத்துலதான் வாழுமாம்!"

கூட்டம் சிரித்தது. காசியம்மாள் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய குழுப் பெண்கள் முன் வரிசையில் நின்றிருந்தார்கள். அவர்களிலும் இரண்டு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். திருவண்ணாமலைக்குக் கூடவே வந்து வரிசையில் நின்றவர்கள்தான். மைக்கில் கேட்கும்போது அவர்களுக்கே அது அப்படித்தான் பட்டது போலிருக்கிறது. ஒருத்தி அவள் கண்ணைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஷட்டர் ஏறியது. வெள்ளம் உள்ளே பாய்ந்தது. சிமென்ட் கால்வாயில் நீலமும் தன் பங்குக்கு ஓடி வந்தது. லட்டு கொடுத்தார்கள்.

நான்கு நாளில் வண்டல் அடங்கித் தண்ணீர் தெளிந்தது. அப்படி ஒரு தெளிவை வேலேரியில் யாருமே பார்த்ததில்லை. கரையில் நின்றால் அடித்தரையில் கிடக்கிற கூழாங்கல் தெரிந்தது, உடைந்த சட்டி தெரிந்தது. பள்ளத்து மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைப் பிளப்பதும், பக்கவாட்டில் சாய்வதும், சாய்ந்தபடியே ஒரு சுற்று சுற்றுவதும் கண்ணாடிப் பெட்டியில் பார்ப்பது போலத் தெரிந்தது. காசியம்மாள் கரையிலேயே இருந்தாள். துரை சோறு கொண்டுவந்து வைத்தான். ஈ மொய்த்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டினான்.

ஆறாம் நாள் பலராமன் போட்டோகிராபரோடு வந்தார். ஏரியைப் பார்த்து அப்படியே பூரித்துப் போனார்.

"அடேயப்பா! என்ன தெளிவு, என்ன தெளிவு! அடியில செத்துக் கெடக்கிற மீனோட செதில் மொதக்கொண்டு தெரியுது பாருங்க. எடுங்க, எடுங்க போட்டோ."

கீதா பாட்டிலில் தண்ணீர் எடுத்தாள். ரிப்போர்ட் வந்தது. தாமிரம் அளவுக்குக் கீழே. கலங்கல் இல்லை. நிறம் இல்லை. சுண்ணாம்பு இல்லை. ஒரே ஒரு மாசு மட்டும் கண்டுபிடிக்கப்பட்டது: செத்த மீன். மாசுபடுத்தியவர் என்ற இடத்தில் மகளிர் குழுத் தலைவியின் பெயர் இருந்தது. குத்தகை ரத்து. மூன்று நாளில் மாசை அகற்றித் தர வேண்டும்.

காசியம்மாள் கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கினாள். போடவில்லை.

"இனிமே இந்தத் தண்ணியில இன்னா சார் வளரும்?"

பலராமன் அவளைப் பார்த்த பார்வையில் உண்மையாகவே பரிவு இருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"எதுவும் வளராதும்மா. அதுக்குப் பேருதான் சுத்தம்."

அவள் கையெழுத்துப் போட்டாள்.

பன்னிரண்டு பேரும் கூடையோடு இறங்கினார்கள். தொட்டால் சதை கையோடு வந்தது. இரண்டு வருஷம் தவிடு தூவின கை. கரையில் துரையின் சீல் வைத்த காளவாய்க்குப் பக்கத்தில் குழி வெட்டி, கூடை கூடையாகக் கொட்டினார்கள். மேலே பருந்து வட்டம் போட்டது. மழை தூறுவதும் விடுவதுமாக இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் கடைசிக் கூடை கரையேறியபோது வாரியத்து ஜீப் வந்து நின்றது. சான்றிதழுக்குக் கடைசி சாம்பிள் எடுக்க வேண்டும்.

கீதா பாட்டிலின் மூடியைத் திறந்துகொண்டு தண்ணீர் ஓரத்தில் நின்றாள். குனியவில்லை. காசியம்மாள் பள்ளத்து ஓரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். அவளைச் சுற்றிப் புழுதி மாதிரி லேசாக மண் கிளம்பியிருந்தது.

"யம்மா" என்று கரையிலிருந்து குரல் கொடுத்தார் பலராமன். "வெளிய வந்துடுங்க. நீங்க நிக்கிறதாலதான் தண்ணி கலங்குது."

காசியம்மாள் வெளியே வந்தாள்.